ஞாயிறு காலை மூன்று மணி நேரம்: சென்னைப் புகைப்பட ஆர்வலருக்கு எந்தப் பூங்கா, எந்த நீர்நிலை?

சென்னையில் பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்து ஒன்பது மணி வரையிலான பொழுது மட்டுமே. அதற்குமேல் வெயில் ஏறி வெளிச்சம் வெளுத்துவிடும்; வீட்டிலிருந்தும் அழைப்பு வந்துவிடும். அந்த மூன்று மணி நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. நகருக்குள் இருக்கும் பூங்காக்களை ஒரு பக்கமும், அடையாறு முகத்துவாரம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், வேடந்தாங்கல், பழவேற்காடு ஆகிய நீர்நிலைகளை மறுபக்கமும் வைத்து, சில ஆண்டுகளாக மாறி மாறிச் சென்று வந்ததில் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டு ஒப்பிடுகிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது, அங்கே என்னென்ன பறவை வரும் என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நாம் நிற்க அனுமதிக்கப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால் காலைச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமா முகத்துக்கு நேரே இருக்குமா, கையிலிருக்கும் லென்ஸ் எட்டும் தூரத்தில் படமாகக்கூடிய ஏதாவது இருக்குமா என்பவை அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதே இடத்துக்கு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போக முடியுமா என்பது. ஒரே முறை போய் நல்ல படம் எடுத்துவருவது அதிர்ஷ்டம். பத்தாவது முறை போகும்போதுதான் எந்தப் புதருக்குப் பின்னால் எப்போது வெளிச்சம் விழும் என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

பூங்காக்களிலிருந்து தொடங்குவோம். கதீட்ரல் சாலையில், முன்பு வுட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகம் இருந்த நிலத்தில், 2010இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, செல்பேசிக் கேமராவோ, மிக அருகிலிருந்து எடுக்க உதவும் சிறிய மேக்ரோ லென்ஸோ வைத்திருப்பவருக்கு மிகவும் ஏற்றது. ஏறத்தாழ 20 ஏக்கருக்குள் பூச்செடிகளும், கொடிப் பந்தல்களும், செயற்கை நீரோடைகளும் இருக்கின்றன. பட்டாம்பூச்சியையும் தும்பியையும் எடுத்துப் பழக இதைவிட வசதியான இடம் நகருக்குள் இல்லை. குறை என்னவென்றால், இங்கே எல்லாமே நட்டு வைத்தது. ஆறு மாதம் சென்றால் எடுத்த படத்தையே மறுபடி எடுத்துக்கொண்டிருப்போம். தவிர, தோட்டக்கலைத் துறையின் நேரக் கட்டுப்பாடும் கேமராவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. விடியல் வெளிச்சத்தை விரும்புகிறவருக்கு, கதவு திறக்கும் நேரத்தில் அந்த வெளிச்சம் போய்விட்டிருக்கும். இது பெரும்பாலான அரசுப் பூங்காக்களுக்குப் பொருந்தும்.

கிண்டியின் நிலை சற்று வேறு. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ளது. மாநகரத்தின் நடுவில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு அது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே இயல்பாகவே வாழ்கின்றன. ஆனால் காட்டுக்குள் நினைத்தபோது நடந்து போய்விட முடியாது. வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது அதை ஒட்டிய சிறுவர் பூங்காதான். அங்கே விலங்குகளும் பறவைகளும் கூண்டுக்குள் இருப்பதால் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். தொடக்கக்காரர் அப்படி ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கம்பி வலையோடு லென்ஸின் முகப்பை ஒட்ட வைத்து, அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுவதும் திறந்து, விலங்கு வலையிலிருந்து தள்ளி நிற்கும் நேரம் பார்த்து எடுத்தால், வலை படத்தில் விழாது. குவியத்தின் ஆழம், அதாவது எவ்வளவு தூரம்வரை படம் கூர்மையாக விழும் என்பதைக் கூண்டு ஒரே காலையில் கற்றுக்கொடுத்துவிடும். அதற்கு மேல் கிண்டியிடம் எதிர்பார்க்க வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய ஞாயிறுகளுக்கு அது பொருத்தமான சமரசம்.

அடையாறு முகத்துவாரத்துக்கு வருவோம். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து மணலில் வடக்கே நடந்தால், ஊரூர் குப்பத்தைத் தாண்டி, ஆறு கடலில் சேரும் இடம் வரும். 1967இல் கட்டப்பட்டு 1977 வெள்ளத்தில் நடுவே அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் மிச்சம் அங்கேதான் நிற்கிறது. உடைந்த பாலம் என்றால் ஊருக்கே தெரியும். திருமணத்துக்கு முந்தைய படங்களுக்காக ஜோடிகளை நிறுத்தி எடுக்கும் இடமாகவும் அது ஆகிவிட்டது. பாலத்தின் மேல் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆபத்தானது, காவலர்கள் தடுப்பதும் உண்டு. உண்மையில் பாலத்தின் மேல் ஏறுவதால் புகைப்படக்காரருக்குப் பெரிய லாபமும் இல்லை. தென்கரை மணலில் கடலுக்கு முதுகு காட்டி, ஆற்றின் மேல்திசை நோக்கி மேற்கே பார்த்து நின்றால், காலை ஆறரை மணிக்குமேல் சூரியன் நம் தோளுக்குப் பின்னாலிருந்து தண்ணீரின் மேலும் எதிரேயிருக்கும் கொக்குகளின் மேலும் நேராக விழும். நகரத்தின் வேறு எந்த நீர்நிலையிலும், ஒரு ரூபாய் கட்டணமில்லாமல், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்து, இப்படி ஒரு முன்னொளியில் நிற்க முடியாது. அதே இடத்தில் திரும்பிக் கடலைப் பார்த்தால் எல்லாம் நிழலுருவம்: வலை இழுப்பவர்கள், ஃபைபர் படகுகள், பாலத்தின் தூண்கள். ஒரே காலையில் இருவகை வெளிச்சத்திலும் பயிற்சி கிடைத்துவிடும்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றில் வருவது நகரத்தின் சாக்கடை. கோடையில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் நாற்றம் தாங்காது. பறவைகளின் வகையும் பள்ளிக்கரணையோடு ஒப்பிடத்தக்கதல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய அடையாறு உப்பங்கழியில், 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, மீட்டெடுக்கப்பட்ட ஈரநிலத்தை அருகிலிருந்து பார்க்க உதவும். ஆனால் அது முதன்மையாகச் சூழல் கல்விக்காக அமைந்தது. நுழைவு விதிகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன் அன்றைய விதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்கரணையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் ஞாயிறுகளில் பாதிக்குமேல் அங்கேதான் கழிந்திருக்கின்றன. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இந்தச் சதுப்பு நிலத்தின் அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 எக்டேர். ஒரு காலத்தில் அதைப் போலப் பல மடங்கு பரந்திருந்த நிலம். ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, மறுபக்கம் மென்பொருள் நிறுவனங்களின் கட்டடங்கள், நடுவே பல்லாவரம் துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை என்று துண்டுபட்டுப்போனது. முதல்முறை போகிறவர், கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னால் கூழைக்கடாக்கள் மிதப்பதைப் பார்த்து, இங்கே என்ன இயற்கை இருக்கிறது என்று திரும்பிவிடுவார். இரண்டாம் முறை போகிறவருக்கு அந்தக் கட்டடங்களே படமாகத் தெரியும். மாநகரத்துக்கு நடுவே பறவை எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும் படம் வேடந்தாங்கலில் கிடைக்காது.

வெளிச்சக் கணக்கு இங்கே கொஞ்சம் நுட்பமானது. வேளச்சேரி தாம்பரம் சாலை சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரத்தை ஒட்டிப் போகிறது. அங்கே காலையில் நின்றால் பறவையும் சூரியனும் ஒரே திசையில் இருப்பதால், கருப்பாகத் தெரியும் நாரைகளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவோம். அந்த ஓரம் மாலை நான்கு மணிக்கு மேல் போவதற்குரியது. இருநூறடிச் சாலையோ ஏறக்குறைய கிழக்கு மேற்காகச் சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்வது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தென்வானத்தில் சாய்ந்தே போவதால், சாலையின் வடக்குப் பக்கம் நோக்கி எடுப்பவருக்கு விடிந்ததிலிருந்து வெளிச்சம் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோதான் விழும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு முழுதாக ஒரு பருவம் ஆனது. அதுவரை தெற்குப் பக்கத்திலேயே பறவைகள் அதிகம் என்று நம்பி, எதிர்வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான படங்களை வீணாக்கினேன்.

தூரந்தான் பள்ளிக்கரணையின் உண்மையான தடை. நீலத் தாழைக்கோழியும், நீண்ட வாலோடு தாமரையிலை போன்ற மிதவைச் செடிகளின் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும் சில வேளைகளில் கரையோரத்துக்கே வந்துவிடும்; அவற்றுக்கு 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும்). பனிக்காலத்தில் வரும் வாத்துகளும் பூநாரைகளும் நடுத்தண்ணீரில் நிற்பதால், 500 அல்லது 600 மில்லிமீட்டர் இல்லாமல் அவை வெறும் புள்ளிகளாகவே விழும். அவ்வளவு நீளமான லென்ஸ் இருந்தாலும், எட்டரை மணிக்குமேல் சூடேறும் தண்ணீரின் மேற்பரப்பில் காற்று அலைபாய்வதால் படம் கூர்மை இழந்துவிடும். லென்ஸில் பழுது என்று நினைத்து நண்பர் ஒருவர் சேவை மையம் வரை போய்வந்தார். பழுது வெயிலில்தான் இருந்தது. சாலையோரத்தில் நிற்கும்போது வாகனங்களின் மேல் ஒரு கண் இருக்கவேண்டும். ட்ரைபாட் விரித்து நடைபாதையை மறிப்பதைவிட ஒற்றைக்கால் தாங்கியோடு நிற்பது எல்லோருக்கும் நிம்மதி. வனத்துறை 2021இல் திறந்த சூழல் பூங்காவின் நடைபாதை, போக்குவரத்துத் தொல்லையில்லாமல் நிற்க விரும்புகிறவருக்கு மாற்று.

இந்த இடத்தில் பக்கிங்காம் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கரணையின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் சேர்ந்து, கோவளம் கழிமுகம் வழியே கடலுக்குப் போகிறது. இதே கால்வாய்தான் வடக்கே பழவேற்காடு ஏரியைத் தொட்டு, எண்ணூர் கடந்து, நகருக்குள் அடையாற்றைக் குறுக்கிட்டுத் தெற்கே இறங்குகிறது. 1806இல் தொடங்கிப் படிப்படியாக நீட்டப்பட்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவுபடுத்தப்பட்ட நீர்வழி அது. உப்பும் விறகும் படகில் வந்திறங்கிய காலம் உண்டு. இந்த ஒப்பீட்டில் வரும் நான்கு நீர்நிலைகளில் வேடந்தாங்கல் தவிர்த்த மூன்றையும் கோக்கும் சரடு என்பதால், கால்வாயையே ஒரு படத்தொடராக எடுக்கலாம் என்று ஓராண்டு முயன்றேன். நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் மார்பிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. நீர் கருப்பாகத் தேங்கிக் கிடக்கிறது. ஆவணப் புகைப்படக்காரருக்கு அது பொன்னான பொருளாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மன அமைதிக்காகக் கேமராவை எடுப்பவருக்கு அல்ல. முட்டுக்காட்டில் படகுக் குழாமுக்கு அருகே கால்வாயும் கழியும் அகன்று விரியும் இடத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன்.

வேடந்தாங்கல் முற்றிலும் வேறு கணக்கு. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுரோட்டில் திரும்பிப் போனால் வரும் சிற்றேரி. பரப்பு சுமார் 30 எக்டேர்தான். தாங்கல் என்ற சொல்லே சிறிய நீர்நிலையைக் குறிப்பது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்த ஊர்மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அதிகாரிகளிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்ற உத்தரவைப் பெற்றிருந்தார்கள். அந்தப் பாதுகாப்பின் பயன் இன்று புகைப்படக்காரருக்குக் கிடைக்கிறது: நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஒரே கிளையில் அடுக்குமாடிக் குடித்தனம்போலக் கூடு கட்டியிருக்கும். கரையின் மேல் நடந்துகொண்டே எடுக்கலாம். கூடு இருக்கும் மரம் எங்கும் போகாது என்பதால், குச்சியைக் கவ்விக்கொண்டு பறவை எந்தத் திசையிலிருந்து வந்து இறங்குகிறது என்பதை இரண்டு முறை கவனித்தால், மூன்றாம் முறை ஷட்டரை ஆயத்தமாக வைத்திருக்கலாம். பறக்கும் பறவையை எடுக்கப் பழகுவதற்கு நான் கண்டவற்றுள் ஆகச்சிறந்த பள்ளி அதுவே.

ஆனால் வாராவாரம் போகும் இடமல்ல அது. போக வர ஏறத்தாழ 160 கிலோமீட்டர். விடியலில் அங்கே இருக்கவேண்டுமானால் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். இரை தேடப் போன பறவைகள் குஞ்சுகளுக்காகத் திரும்பும் மாலை மூன்று முதல் ஆறு வரைதான் காட்சி உச்சத்தில் இருக்கும் என்பதால், நம் மூன்று மணி நேரக் கணக்குக்குள் அது அடங்குவதே இல்லை. தவிர, வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போன ஆண்டில் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் பறவையும் தங்காது. பொங்கல் விடுமுறையில் கூட்டம் கரையை நிறைத்துவிடும். டிசம்பர் இறுதியிலோ ஜனவரியின் பிற்பகுதியிலோ ஒரு வார நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு முறை போய்வருவதே முறை.

பழவேற்காட்டை நான் ஏரி என்றோ பறவை இடம் என்றோ மட்டும் எண்ணுவதில்லை. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்முனை மட்டும் தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போய்விடலாம். பூநாரைகளை எதிர்பார்த்துப் போகிறவர் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார். காயல் அகலமானது, ஆழமற்றது. பூநாரைக் கூட்டம் எட்டாத தொலைவில் நிற்கும். அவற்றைப் பறக்கவைத்துப் படமெடுப்பதற்காகப் படகை நெருக்கிக்கொண்டு போகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தூரம் பறந்து வந்து, இங்கே உண்டு உடம்பு தேற்றிக்கொள்ளும் பறவைகளை ஒரு படத்துக்காக எழுப்புவது கொடுமை. அப்படி எடுத்த படம் பார்ப்பதற்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

அங்கே 50 மில்லிமீட்டர் லென்ஸோடு போகிறவர்தான் கைநிறையப் படங்களோடு திரும்புவார். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் அடையாளம் இன்று புதருக்குள் மறைந்துவிட்டாலும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சாய்வெயிலில் அந்தக் கல்வெட்டெழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழும்போது கிடைக்கும் படத்துக்கு நீண்ட லென்ஸ் எதற்கு? மீன் ஏலம் நடக்கும் கரையில் அதிகாலையில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் பெண்களைக் காணலாம். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு என்ற பழைய ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டால் விளக்கிச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். இறாலுக்கு விலை குறைந்த நாளில் முகத்துக்கு முன்னால் கேமராவை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

படகைப் பற்றி எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. காசு கொடுத்தால் கூட்டிப்போகிறேன் என்று கரையில் யாராவது சொன்னாலும், அனுமதியும் உயிர்காப்பு உடையும் இல்லாத படகில் ஏறக்கூடாது. காயலுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம் இருப்பதால், ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

இனி முடிவு செய்யும் வேலை. செல்பேசி மட்டும் வைத்திருப்பவர் செம்மொழிப் பூங்காவில் மூன்று மாதம் பழகிவிட்டு நேரே பழவேற்காட்டுக்குப் போகலாம். நடுவிலுள்ள நீர்நிலைகள் அவருக்கு மனக்குறையைத்தான் தரும். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சிறிய ஜூம் லென்ஸும், அதோடு ஒரு 70-300உம் வைத்திருப்பவருக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, அடையாறு முகத்துவாரமே வாராந்தர இடமாக இருக்கவேண்டும் என்பது என் தீர்மானம். பறவை வகை குறைவு என்ற காரணத்தால் அதைத் தள்ளுவோர், ஒரே கொக்கை ஐம்பது விதமான வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்ததில்லை. 600 மில்லிமீட்டர் வாங்கியவர் அல்லது வாங்கத் துணிந்தவர் அடையாற்றை விட்டுப் பள்ளிக்கரணைக்கு மாறுவது நியாயம். அந்த லென்ஸை வாங்கலாமா என்று தயங்குகிறவர் ஒரு ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருநூறடிச் சாலையில் நின்று பார்க்கட்டும். இரண்டு கிலோ எடையை மூன்று மணி நேரம் தூக்கியபிறகும் ஆசை குறையாவிட்டால் வாங்கலாம்.

இந்தத் தீர்மானம் வேளச்சேரியிலோ அடையாறிலோ திருவான்மியூரிலோ குடியிருப்பவருக்குப் பொருந்துவது. திருவொற்றியூரிலோ மீஞ்சூரிலோ இருப்பவர் ஊரைக் குறுக்கே கடந்து பெசன்ட் நகர் வருவதற்குள் அந்த முன்னொளி தலைக்குமேல் ஏறிவிட்டிருக்கும். அவர்களுக்குப் பழவேற்காடுதான் வாராந்தர இடம்; முதல் ரயிலில் பொன்னேரி போய்ச் சேர்ந்தால், ஏலம் முடிவதற்குள் கரையில் இருக்கலாம்.